மூடியில்லாத ஹெட்போன்

அவரைக்காய் வாசம் வந்தால் எனக்குக் காது கூசுகிறது. மூக்குக்கு வரவேண்டியது காதுக்கு வந்து நிற்கிறது. பனியில் நனைந்த காய், தோலில் எண்ணெய் பூத்த காய், சாக்கைப் பிரித்துக் கொட்டினால் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வரும் வாசம். கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று பேர். எங்கள் தமிழிலும் அதேதான் பேர், வேறு சொல்லை யாரும் தேடிக்கொண்டு போகவில்லை. போன வாரம் தள்ளுவண்டியில் ஒருத்தி கொண்டுவந்தாள். கிலோ என்ன விலை என்று கேட்கப் போனவன் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வருஷம் முழுசாக ஓடிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகரவில்லை.

அன்று காலை என் மனைவி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, முந்தின இரவு ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் சேர்த்து ஓர் அமுக்கு. தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறிப் போய்ப் பாத்திரத்தில் விழும். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற வீட்டில் அரைநாளைக்கு வேறு வேலை நடக்காது. அந்த நேரத்தில்தான் சகலை வந்தார். என் மனைவியின் தங்கை புருஷன். பூதிகோட்டையில் பிறந்து, பங்காருபேட்டையில் குடியிருந்து, பெங்களூரில் வேலை பார்க்கிறவர். அவர் ஆயுளில் பாதி ரயிலில் கழிகிறது. பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

உள்ளே கறுப்புத் துணிமெத்தையில் ஒரு ஹெட்போன் படுத்திருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி. என் மனைவிதான் முதலில் விலை கேட்டாள். சகலை குரலைத் தாழ்த்தி, அறுபத்தெட்டாயிரம் என்றார். அவள் விரலிலிருந்து எகிறிய பருப்பு பாத்திரத்துக்குப் போகாமல் பீரோவுக்கு அடியில் போயிற்று. யாரும் அதை எடுக்கவில்லை. அறுபத்தெட்டாயிரம் என்கிற சொல் கூடத்தின் நடுவே ஒரு எருமையைப் போல நின்றுகொண்டிருந்தது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து அதைத் திருப்பிப் பார்த்தாள். காதில் வைக்கிற கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியே இல்லை. சுரங்க ஷாஃப்ட்டில் ஆள் இறக்குகிற கேஜ் கூண்டின் கம்பிவலை மாதிரி வெறும் வலை. உற்றுப் பார்த்தால் உள்ளே இருக்கிற தகடு தெரிகிறது.

"இத்தினி வெல வாங்கிட்டு ஒரு மூடி போட்டுத் தரலியா தம்பி?"

மூடி இல்லாததுதான் அதன் விசேஷம் என்று சகலை பொறுமையாக விளக்கினார். மூடியிருந்தால் சத்தம் சுவரில் முட்டித் திரும்பும். திறந்திருந்தால் மூச்சு விடும். பாட்டு மண்டைக்குள் கேட்காமல் எதிரே, பக்கத்தில், ஒரு மேடையில் நடக்கிற மாதிரி கேட்கும். கெடுதல் ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கும், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது நமக்கும் கேட்கும். ரயிலுக்கு ஆகாது. வீட்டில், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு.

"அப்ப ரேடியோவே வெச்சிக்கலாமே," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பிதுக்க உட்கார்ந்தாள்.

சகலை சிரிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், இன்றோடு ஒன்பது நாள், நாளைக்குக் காலையில் கொரியர்காரன் வருகிறான். ஒன்பது நாளும் கேட்டாயிற்று. தனக்கென்று ஒரு நல்ல சட்டைகூட எடுத்துக்கொள்ளாத மனிதர். இரண்டு வருஷம் போனஸை ஒதுக்கி வைத்து ஆசைப்பட்ட ஒரே பொருள் இது. ஆனால் அவருக்குத் தன் ஆசை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"வெல காதுல போய் ஒக்காந்துக்குதுண்ணா. நான் கேக்கறது பாட்டா வெலயான்னு தெரியல. நீங்க கேட்டு சொல்லுங்க. நீங்க வேணான்னா அனுப்பிடறேன், வெச்சிக்கோன்னா வெச்சிக்கறேன்."

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் குனிந்துகொண்டாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் காதைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள், பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இருபது வயதில் இறங்கினேன், சில வருஷத்தில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். பிறகு பெங்களூர் அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துகிற வேலை, விடியற்காலை ரயில், திரும்பி வரும் ரயிலில் எழுத்து. அதைக் கவிதை என்றால் கவிஞர்கள் ஒப்புவதில்லை, கட்டுரை என்றால் கட்டுரையாளர்கள் ஒப்புவதில்லை. அந்த எழுத்தில் சத்தம் நிறைய இருக்கும். மாரிக்குப்பத்தில் ரயில் கிளம்பினால் கோரமண்டல் பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஏற்றத்தில் லாரி கியர் மாற்றுவதைப் படுத்துக்கொண்டே சொல்வேன். பாம்புக் காது என்பார்கள் ஊரில். நானும் நம்பினேன். பாம்பு எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்று யோசித்ததில்லை.

அந்தப் பாம்புக் காதால் எழுதியதுதான் சில்வண்டு பற்றிய பக்கம். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரிலிருந்து சில்வண்டுகள் போய்விட்டன என்று எழுதியிருந்தேன். ஷாஃப்ட்டின் சக்கரம் நின்றது, ஷிஃப்ட் சங்கு நின்றது, கடைசியில் புதர்களும் வாயை மூடிக்கொண்டன, ஆட்களோடு சேர்ந்து சில்வண்டுகளும் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டன. ஒரு பக்கம்தான். நான் எழுதியதில் ஊர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு பெண் அதை மனப்பாடமாகச் சொன்னாள். தங்கம் எடுத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி பற்றி நடந்த கூட்டத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகலையும் ஒருமுறை என்னிடம், எங்க பூதிகோட்டையில இன்னும் கத்துதுண்ணா, உங்க ஊருக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லாம போச்சி என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

சகலை சத்தத்தைப் பெருக்குகிற ஒரு சின்ன ஆம்ப் பெட்டியைச் சொருகி, ஃபோனை அதில் சேர்த்து, வெல்வெட் மெத்தை இரண்டையும் என் காதில் பொருத்தினார். கோயிலில் பரிவட்டம் கட்டுகிற பவ்யம் அவர் கையில் இருந்தது. மூன்று சோதனை வைத்திருந்தார். தம்பூராவோடு ஒரு பெண்குரல். தனி மிருதங்கம். மூன்றாவது பாட்டே இல்லை, யாரோ மலைக்காட்டில் மழை ராத்திரியில் பிடித்து வைத்த சத்தம். இந்த மாதிரிப் பொருள் வாங்குகிறவர்கள் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்களாம். எது கிட்ட, எது எட்ட, எது இடது, எது வலது என்று காது தானாகச் சொல்லவேண்டுமாம்.

மிருதங்கத்தின் கனத்த தொப்பிப் பக்கம் என் அடிவயிற்றில் உருண்டது. இடி ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாமல் நடந்து போயிற்று. தவளைகள். இலையிலிருந்து சொட்டிய கனத்த துளிகள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெண்குரலில் விளிம்பு இல்லை, சகரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. காட்டில் தவளைகள் ஓய்ந்த பிறகு அரை நிமிஷம் வெறுமை. அடுத்து, பங்காருபேட்டை ஸ்டேஷன் வாசலில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய என் சொந்த இயர்போனைக் காதில் செருகி அதே மூன்றையும் கேட்டேன். இடி கொஞ்சம் இளைத்திருந்தது. மற்றபடி அதே மழுங்கல், அதே வெறுமை.

ரெகார்டிங்கில் ஓரிடத்தில் சத்தமே இல்லை, அங்கே ஏதோ பழுது என்றேன். சகலைக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டு, ஹெட்போனை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு, நான் காட்டிய இடத்திலிருந்து போட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் ஏறியது. கண் என் பக்கம் வந்தது, வந்த வேகத்தில் தரைக்குப் போயிற்று. கழற்றினார். வெல்வெட் மெத்தையைச் சட்டை நுனியால் துடைத்தார். அழுக்கே இல்லாத இடத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆமாண்ணா. ஒண்ணியும் இல்ல."

அது போதுமாக இருந்தது எனக்கு. தீர்ப்பு சொன்னேன். வாசல் பெரிசு சகல, வீடு காலி என்றேன். சொன்ன வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. ரயிலில் எழுதிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தால் உடம்பு சுருங்குகிறது. சகலை தலையாட்டினார். அப்ப அனுப்பிடறேண்ணா என்றார். பெட்டியின் ஒட்டு கிழிந்திருந்தது, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் பழுப்பு டேப் வாங்கிக்கொண்டு வருவதாகவும் அதுவரை நான் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசலில் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நின்றார். பிறகு போனார்.

நான் மறுபடி காட்டைப் போட்டேன். தவளைகள் ஓய்ந்தன. வெறுமை வந்தது. கண்ணை மூடினேன். வெறுமையும் நன்றாகத்தான் இருந்தது, காசு கொடுத்து வாங்கிய வெறுமை. அப்போது கம்பிவலை வழியாக என் மனைவியின் குரல் நுழைந்தது.

"அத்த நிறுத்துங்களேன். சில்வண்டு சத்தம் பல்லு கூசுது."

நான் கண்ணைத் திறந்தேன். அவள் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாத்திரம், விரலெல்லாம் தோல். எந்தச் சத்தம் என்று கேட்டேன். அவள் பிதுக்குவதை நிறுத்தினாள். ஃபோனில் சத்தத்தை ஏற்றினேன். அவள் ஈரக்கையைத் திருப்பிப் புறங்கையால் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெறுமை. இன்னும் ஏற்றினேன். அவள் முகம் சுளித்தது. எனக்கு வெறுமைதான், கொஞ்சம் பெரிய வெறுமை.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது. சத்தம் பிறக்கிற இடம் என் காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும், வெல்வெட் வைத்து. மூடியில்லாத முதுகு வழியாக வெளியே கசிந்தது ஆறடி தாண்டி அவளைப் போய்க் குத்துகிறது. நடுவில் இருக்கிற மண்டைக்கு வந்து சேரவில்லை. தெருவிளக்கு எல்லாருக்கும் எரிய, கம்பத்தடியில் நிற்கிறவனுக்கு மட்டும் இருட்டு. கழற்றினேன். கழற்றிய வேகத்தில் கம்பி ஆம்ப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டது. அறுபத்தெட்டாயிரத்தை நான் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு அது கேக்காது," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. ரேஷன் கடை இன்றைக்கு லீவு என்கிற மாதிரி சொன்னாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"பெரியவ நடக்க ஆரம்பிச்சதுலேந்து. கொலுசு போட்டுக்கினு பின்னால வருவா. நீங்க திரும்பவே மாட்டீங்க. காலத் தொட்டாதான் திரும்புவீங்க."

எங்கள் பெரிய மகள் இன்று கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவள் கொலுசுக்கு முத்து வைக்கவே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் குழந்தை பூனை மாதிரி நடக்கும் என்று ஒரு கட்டுரையில் எழுதியும் இருக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவள் அடுக்கிச் சொல்லவில்லை, பிதுக்கப் பிதுக்க ஒன்று விழுந்தது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்காமல் திருகிவிட்டு நான் பேப்பர் படித்த காலை. அலாரம் கடிகாரம் எப்போதும் அவள் தலைமாட்டிலேயே இருப்பது. தெருவில் அவள் எப்போதும் என் பக்கத்தில் ஓரடி முன்னால் நடப்பது, சைக்கிள் மணி கேட்டால் கையைப் பிடித்து இழுப்பதற்காக. அதை ஆசை என்று நினைத்திருந்தேன். ஆசையும்தான், ஆனால் அதற்குள்ளே ஒரு சைக்கிள் மணி இருந்திருக்கிறது.

முதல் வருஷம் நான் வேண்டுமென்றே திரும்பவில்லை என்று நினைத்துச் சண்டை போட்டாளாம். எனக்கு ஞாபகம் இருந்தது, காரணம் மட்டும் தெரிந்திருக்கவில்லை. பிறகு புரிந்ததாம். மிஷினுக்குப் பின்னால் நின்ற ஆட்களின் வீட்டில் எல்லாம் இதே கதை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்களாம். சொல்லிவிடலாம் என்று அவள் முடிவெடுத்த வாரம்தான் என் சில்வண்டுப் பக்கம் பத்திரிகையில் வந்திருக்கிறது.

"அச்சடிச்சி வந்துடுச்சி. ஊரே நல்லாக்கீதுன்னு சொல்லுது. நான் போயி, அது இங்கதான் கத்திக்கினு கீதுன்னு சொல்லட்டுமா?"

"இங்கதான்னா?"

"பாத்ரூம் பின்னால. பகல்லயே ஒண்ணு கத்துது. வாங்க."

கொல்லையில் தண்ணீர் போகிற சின்னக் கால்வாய், ஓரத்தில் உடைந்த ஓடுகள், ஈரம். இருவரும் குனிந்து நின்றோம். எனக்குத் தூரத்தில் ஒரு லாரி கேட்டது. பக்கத்து வீட்டு மாவு மிஷின் கேட்டது. இப்ப, என்றாள். ஒன்றும் இல்லை. இப்ப நிறுத்திடுச்சி. ஒன்றும் இல்லை. திரும்ப ஆரம்பிச்சிடுச்சி. எனக்கு எல்லாம் ஒரே நிமிஷமாக இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவரைக்காய் வாசம் அடிக்கிற விரலால் நாடி பார்க்கிற இடத்தில் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். பிறகு நீளமாக, விடாமல், தோல் சூடாகிற அளவுக்கு. ஓட்டுக்கு அடியில் இருக்கிற பூச்சி என் மணிக்கட்டில் கத்தியது. இருபது வருஷத்துக்கு மேல் அது எங்கேயும் போகவில்லை.

பிறகு ஒருநாள் காது டாக்டரிடம் போனோம். அவர் வரைந்து தந்த கோடு பாதி தூரம் மட்டமாக வந்து, அங்கிருந்து ஷாஃப்ட் மாதிரி செங்குத்தாக இறங்கியது. கனத்த சத்தமெல்லாம் காதில் நிற்கிறது, கீச்சென்ற சத்தம்தான் போய்விட்டது என்றார். அதைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு ஆடிப்போகவில்லை. அன்றைக்குக் கொல்லையில் நின்றபோது ஆடியதுதான் ஆட்டம்.

ஏனென்றால் நான் தனியாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மனப்பாடமாகச் சொன்ன அந்தப் பெண் விழா முடிந்து வீட்டுக்குப் போன வழியெல்லாம் சில்வண்டு கத்தியிருக்கும். சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கேட்டிருக்கும். எழுத்தில் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தவர் என்னோடு மிஷின் பிடித்தவர், அவருக்குக் கேட்டிருக்காது. கேட்காதவர்கள் நான் சொன்னதை நம்பினார்கள், கேட்டவர்கள் என் மனசு நோகும் என்று சும்மா இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ரயில்பெட்டியில் உரக்கப் பேசுகிறார்கள் என்று பெங்களூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அது வெள்ளந்தி மனசு என்று அதற்கும் நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். சில்வண்டுகள் போகவில்லை. அச்சில் இதை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

கொல்லையிலிருந்து உள்ளே வரும்போது இன்னொன்று வந்து நெற்றியில் இடித்தது. சகலை அதைக் கேட்டிருக்கிறார். நான் காட்டிய இடத்தில், மாட்டிக்கொண்டு, புருவம் ஏற, கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஒண்ணியும் இல்ல என்றிருக்கிறார். இரண்டு வருஷ ஆசையை, என் மூஞ்சியைக் காப்பாற்றுவதற்காக, டேப் போட்டு ஒட்டி அனுப்பப் போகிறார். இவ்வளவு பெரிய பொய்யை எனக்காக யாரும் சொன்னதில்லை. அதுவும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே.

அவர் டேப்போடு வந்தார். சாப்பாடு போட்டாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சகலை இரண்டு தடவை சொன்னார், மூன்றாவது தடவை சொல்லப்போய் நிறுத்திக்கொண்டார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. அனுப்பட்டும், யாருக்கு நஷ்டம், பணம் திரும்பி வரும், என் பாம்புக் காது ஊரில் அப்படியே இருக்கும். அந்த மனசின் குரல் எனக்கு ரொம்பத் தெளிவாகக் கேட்டது, அதில் ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் காட்டை இன்னொரு வாட்டி போடுங்க சகல, நீங்களே மாட்டிக்கிங்க என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இர்லி பிடி அண்ணா என்றார். விடுங்க, இருக்கட்டும் என்பதை அவர் கூச்சம் வந்தால் கன்னடத்தில்தான் சொல்வார்.

"போடுங்க தம்பி," என்றாள் என் மனைவி. "அவருக்கு தெரிஞ்சிடுச்சி."

அவர் மாட்டிக்கொண்டார். தவளைகள் ஓய்கிற இடம் வந்தபோது முகத்தில் தெரிந்தது. இன்னா கேக்குது என்று கேட்டேன்.

"சில்வண்டுண்ணா."

"எத்தினி?"

கண்ணை மூடினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரயிலில் தூங்கி விழுகிற சகலை இல்லை, கணக்குப் பார்க்கிற சகலை இல்லை. யாருடைய வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்ட முகம்.

"ரெண்டு. ஒண்ணு எடது பக்கம், கிட்ட, கல்லுக்கு அடியில மாதிரி. இன்னொண்ணு எட்ட, தண்ணிக்கு அந்தாண்ட. இது நிறுத்தினா அது ஆரம்பிக்குது."

என் அறுநூறு ரூபாய் இயர்போனைக் கொடுத்து அதிலும் கேட்கச் சொன்னேன். கேட்டார். இதுல ரெண்டும் ஒண்ணா சேந்து மண்டைக்குள்ள கத்துதுண்ணா, எங்கன்னு தெரியல என்றார்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பூச்சி தண்ணீருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிவதற்கு ஒரு மனிதன் இரண்டு வருஷம் சேர்த்து வைக்கிறான். பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்ப் பூச்சிகள் மொத்தத்தையும் ஒரு தாளில் துரத்திவிட்டுப் பேர் வாங்கியவன், எது பைத்தியம் என்று யாருக்குச் சொல்வது.

வெச்சிக்கோங்க சகல என்றேன். அவர் கேட்கவில்லை. நீங்க வேணான்னு சொன்னப்பவே மனசு அடங்கிடுச்சிண்ணா என்றார். இனி இதை மாட்டினால் அந்த இடம் வரும்போதெல்லாம் என் முகம்தான் தெரியும் என்றார். பெட்டியில் வைத்து, கம்பியைச் சுருட்டி, டேப் போட்டார். டேப் கிழிகிற சத்தம் எனக்கு மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி கரகரவென்றுதான் கேட்டது. அதற்கு மேலே ஒரு கீச்சு உண்டு என்று பிறகு அவள் சொன்னாள். மூன்று வரிசை டேப் போட்டார். ஒன்று போதுமான இடத்தில்.

கோரமண்டல் ஸ்டேஷன் வரை இருவரும் நடந்தோம். பெட்டி துணிப்பையில் அவர் தோளில் தொங்கியது. வழியெல்லாம் வேலிக்காத்தான் புதர். அவர் காது அந்தப் பக்கம் போவதும், நான் பார்க்கிறேன் என்று தெரிந்து திரும்புவதும் தெரிந்தது. எனக்காக அவர் கேட்காமல் இருக்க முயன்றார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிளாட்பாரத்தில் வழக்கம்போல ரயில் முதலில் என் உள்ளங்காலில் வந்தது. வழக்கம்போல வருது என்று சொல்லாமல் சும்மா நின்றேன்.

ரயில் வந்தது. கூட்டமில்லை. அவர் ஏறி வாசலிலேயே நின்றார், பையை முன்னால் இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டு. போய்ட்டு வரேண்ணா என்று கையைத் தூக்கினார். வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன். ஐம்பது வயதில் ரயில் கூட நடப்பது ஓட்டம்தான்.

"சகல, உங்களுக்கு இன்னா வயசாவுது?"

அவருக்கு எதற்குக் கேட்கிறேன் என்று விளங்கவில்லை. "நாப்பத்தொண்ணுண்ணா."

"வயசானா எந்த காதும் மழுங்கிடும். நீங்க இன்னும் இருவது வருஷம் கேக்கலாம். நாளைக்கு அந்த கொரியர்காரன வெறுங்கையா அனுப்புங்க."